கண்ணீர் அளவு உப்பு

கறார் அக்காவை முதன்முதலில் வகுப்பை விட்டு வெளியே அனுப்பியது, ஒரு வட்டத்தில் கதவு வரைந்ததற்காக.

அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. பட்டப்பெயர் இன்னும் ஒட்டவில்லை. ஒட்டுவதற்கான பசை மட்டும் தயாராக இருந்தது. அறிவியல் டீச்சர் கரும்பலகையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். நடுவில் ஒரு குட்டி வட்டம், அது உட்கரு. சுற்றிலும் புள்ளி புள்ளியாக வைத்தார், அது சைட்டோபிளாசம். வெளிக்கோடு செல் சவ்வு. "இதுதாண்டி செல்லு. உங்க உடம்பு முழுக்க இதான் கோடி கோடியா இருக்கு. வரைங்க" என்றார். நாற்பது பெண்களும் வளையலைக் கழற்றி வைத்து வட்டம் வரைந்தார்கள். இவளும்தான் வரைந்தாள். வரைந்துவிட்டுச் சும்மா இராமல், கோட்டை ஏழெட்டு இடத்தில் அழித்துக் கதவு வைத்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். ஒரு கதவின் ஓரத்தில், கையில் குச்சியோடு ஒரு பெண்பிள்ளையையும் நிறுத்தினாள்.

"என்னடி இது?"

"கதவு டீச்சர்."

"செல்லுக்கு ஏதுடி கதவு?"

"சத்து உள்ள போவுது, கழிவு வெளிய வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க. கதவே இல்லாத வீட்டுக்குள்ள எப்படி டீச்சர் போவும்?"

"சவ்வு வழியா ஊடுருவிப் போகும்."

"எல்லாரும் ஊடுருவிப் போலாம்னா அப்புறம் எதுக்கு டீச்சர் சுவரு?"

டீச்சரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வெளிய போடி!"

போனாள். படியைத் தாண்டி நின்றுகொண்டு தலையை மட்டும் உள்ளே நீட்டி, "பாத்தீங்களா டீச்சர், என்னையே கதவு வழியாத்தான் அனுப்ப முடிஞ்சுது" என்றாள். அந்தச் சிரிப்பலையில் பள்ளிக்கூடக் கூரையின் ஓடு இரண்டு நழுவி விழுந்ததாகக் கூடப் படித்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அவளுக்குக் கிடைத்தது பூஜ்யம். சிவப்பு மையில் போட்ட அந்தப் பூஜ்யத்துக்கும் ஓரத்தில் ஒரு கதவு வரைந்துவிட்டுத்தான் நோட்டை மூடினாள்.

குச்சியோடு நின்ற பெண்பிள்ளை வேறு யாருமில்லை, அவளுடைய அம்மா. அம்மா ஒரு நூற்பாலையின் வாசல் காவல்காரி. சங்கு ஊதியதும் ஐந்நூறு பேர் வெளியே வருவார்கள். அந்தக் கூட்டத்தை யாரும் தள்ள வேண்டியதில்லை. உள்ளே நெருக்கம், வெளியே காலி. தானாகவே வழிந்து, பரவி, தெருமுனை வரை போய்க் கலைந்துவிடும். வம்பெல்லாம் அதே நேரத்தில் உள்ளே போக வேண்டியவர்களால்தான். அத்தனை பேர் எதிரே வரும்போது ஒருத்தியை உள்ளே அனுப்புவதென்றால் லேசா? அம்மா கதவருகே காலை ஊன்றிக்கொண்டு, ஒரு கையால் மூன்று பேரை வெளியே தள்ளி, மறுகையால் இரண்டு பேரை உள்ளே இழுத்துப் போடுவாள். மூன்றுக்கு இரண்டு, மூன்றுக்கு இரண்டு என்று கைகள் ஓயாது. அதற்காகவே வேலைக்குக் கிளம்பும்முன் இரண்டு முட்டையை அவித்துத் தின்பாள். "போற கூட்டத்தோட போறதுக்குத் தெம்பு வேணாம்டி. எதிர்ல போறதுக்குத்தான் தெம்பு வேணும்" என்பாள்.

இவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். யாரோடு சண்டைக்குப் போவதானாலும் முதலில் இரண்டு முட்டை. கல்யாணமான புதிதில் தையல்கடைக்காரரான கணவர், மனைவி முட்டை அவிப்பதைப் பார்த்தாலே தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் போட்டுவிட்டு எழுந்து, "இன்னிக்கு யாரு?" என்று கேட்பார். தான் இல்லை என்று தெரிந்தபிறகுதான் மிஷினை மிதிப்பார்.

பள்ளிக்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலை கிடைத்தது. பதினொரு வருடம் கழுவினாள். கழுவுகிறவளுக்கு என்ன தெரியும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தொட்டியடியில் அவள் பழைய செய்தித்தாளை விரித்திருப்பாள். குழாயைக் கையில் பிடித்தபடியே அதைப் படிப்பாள். அப்படித்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. குழாயில் ஒட்டியிருக்கும் ரத்தத்தின் மேல் மருத்துவமனை உப்புநீரை ஊற்றினால் கலங்கலாகவே நிற்கிறது. பின்னால் இருக்கும் எழுத்து தெரிவதில்லை. வெறும் நல்ல தண்ணீரை ஊற்றினாலோ கலங்கல் போய், சிவப்புக் கண்ணாடி போலத் தெளிந்துவிடுகிறது. விளையாட்டுப் பக்கத்தை வரி பிசகாமல் படிக்கலாம்.

"இதென்ன சார் கூத்து?" என்று பரிசோதனைக்காரரைக் கேட்டாள்.

"சிவப்பணுவுக்குள்ள உப்பும் சத்தும் நிறைஞ்சு கெட்டியா இருக்கும்மா. வெளிய வெறும் தண்ணி இருந்தா அது சவ்வு வழியா உள்ள பாயும். உப்பு அவ்வளவு சுலபமா வெளிய வராது, தண்ணி மட்டும் உள்ள போய்க்கிட்டே இருக்கும். ஊதி ஊதிக் கடைசியில வெடிச்சிடும். முழுசா இருந்தவரைக்கும் கோடிப் பேரும் குறுக்க நின்னு வெளிச்சத்தை மறைச்சாங்க. வெடிச்சப்புறம் மறைக்க ஆளில்ல, அதான் எழுத்து தெரியுது."

அதன்பிறகு தெளிந்த குழாயைப் பார்த்தால் அவளுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. இடிந்து தரைமட்டமான தெரு மாதிரி தெரிந்தது.

முப்பத்திரண்டு வயதில், தன்னைவிடப் பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்புப் படித்தாள். அங்கேதான் அந்த இடி விழுந்தது. சவ்வில் கதவு இருக்கிறதாம்! புரதத்தால் செய்த வாயில்கள். தண்ணீருக்கு ஒன்று, உப்புக்கு வேறொன்று. சில கதவுகள் வேளை பார்த்துத் திறந்து மூடுமாம். இதுபோக ஓயாமல் வேலை செய்யும் ஒரு பம்பும் உண்டு. உள்ளேயிருந்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, வெளியேயிருந்து இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். கூட்டத்துக்கு எதிராகப் போவதால் அதற்குத் தீனி வேண்டுமாம். "எங்கம்மா!" என்று வகுப்பிலேயே கத்திவிட்டாள்.

அன்றே டீச்சரின் முகவரியைத் தேடிப்பிடித்து, ஒரு தபால் அட்டையில் கதவு வைத்த வட்டத்தை மட்டும் வரைந்து அனுப்பினாள். பத்து நாளில் பதில் வந்தது: 'பத்துக்கு ஒன்பது. தாழ்ப்பாளுக்கு ஒன்று குறைத்திருக்கிறேன்.' அந்த ஒன்றை விடுவாளா? திறந்து மூடும் கதவுக்குத் தாழ்ப்பாள் நியாயம்தான் என்று மூன்று அட்டை எழுதி, அதையும் வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

இப்படிப்பட்டவள் வேலைக்குப் போய்ச் சேர்ந்த இடம், ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாம் மாடியிலிருந்த டயாலிசிஸ் பிரிவு. பத்து நாற்காலி, பத்து மிஷின். சிறுநீரகம் கைவிட்டவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து நான்கு மணி நேரம் படுத்திருப்பார்கள். கையிலிருந்து ரத்தம் ஒரு குழாய்வழி வெளியே வந்து, தலைமுடியைவிடச் சற்றே பருமனான ஆயிரக்கணக்கான பொடிக் குழல்களுக்குள் ஓடும். குழல்களுக்கு வெளியே உப்புக் கரைசல் ஓடும். நடுவே இருப்பது மெல்லிய சவ்வுச் சுவர். ரத்தத்தில் கழிவு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது, கரைசலில் கழிவே இல்லை. ஆலை விட்ட கூட்டம் போல அது தானாகவே கரைசல் பக்கம் பரவிவிடும். சிவப்பணுக்கள் பெரிய உடம்புக்காரர்கள், அந்தச் சந்தில் நுழைய முடியாது. பத்திரமாக வீடு திரும்புவார்கள். ஆனால் கரைசலில் உப்பு குறைந்தால் தண்ணீர் எதிர்ப்பக்கமாக ரத்தத்துக்குள் பாய்ந்துவிடும். அப்புறம் சிவப்பணு வெடிக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் இல்லை, ஆளுக்குள்.

அதனால் கறார் அக்காவுக்கு ஒரு வழக்கம். காலை ஷிஃப்ட் தொடங்கும்முன் ஒவ்வொரு மிஷினிலிருந்தும் கரைசலில் ஒரு சொட்டை நாக்கு நுனியில் விட்டுப் பார்ப்பாள். அழும்போது உதட்டோரம் வந்து சேருமே, அந்த உப்பு இருக்க வேண்டும். அதற்கு ஒரு கல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்த ருசி மறந்துவிடாமல் இருக்க, மாதம் ஒருமுறை வெங்காயம் நறுக்கி அழுது, அதை நக்கிப் பார்த்து, நாக்கைச் சரிசெய்துகொள்வாள். மற்றபடி அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

மேனேஜருக்கு இந்த வழக்கம் பிடிக்காது. 'திரவங்களை வாயில் வைக்கக் கூடாது' என்று பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். அவள் அந்த அறிவிப்புக்கு நேர் கீழே நின்று ருசி பார்த்தாள்.

பட்டப்பெயர் வைத்தது லாரி டிரைவர். ஓட்டிய காலத்தில் மலைப்பாதையில் பிரேக் அறுந்த லாரியை விசிலடித்தே நிறுத்தியவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். மூன்றாம் நம்பர் நாற்காலிக்காரர். ஒருநாள் எடை பார்க்கும்போது, "அண்ணே, நேத்து ரெண்டு டம்ளர் தண்ணி கூடக் குடிச்சிருக்கீங்க" என்றாள்.

"ஒண்ணுதான் தங்கச்சி."

"ரெண்டாவது டம்ளரை அண்ணி குடிச்சாங்களா? அவங்க குடிச்சது உங்க எடையில எப்படி ஏறுச்சு?"

"யம்மா! போலீஸ் செக்போஸ்ட்லகூட இவ்வளவு கறார் கிடையாது." அன்றிலிருந்து அவள் கறார் அக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அக்காதான்.

சித்தி வீடு மாறுகிறாள் என்று இரண்டு நாள் விடுப்பில் போயிருந்தாள். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு வந்தபோது, தண்ணீர் அறையில் புதுத் தொட்டி நின்றது. மருந்து உப்பைக் கரைத்து வைக்கும் தொட்டி அது; அதிலிருந்து பத்து மிஷினும் உறிஞ்சி, சுத்தத் தண்ணீரோடு அளவாகக் கலந்துகொள்ளும். பழையது விரிசல் விட்டதால் முந்தின நாள் கடைசி ஷிஃப்ட் முடிந்ததும் மாற்றிவிட்டார்களாம். பழையது பின்வராந்தாவில் கவிழ்ந்து கிடந்தது.

மிஷின்களின் திரையில் பச்சை எழுத்தில் பதினான்கு என்று இருந்தது. பதினான்கு என்றால் உப்பு சரி. பத்துப் பேரும் வந்து படுத்தாயிற்று. சிஸ்டர் ஊசியை எடுத்துக்கொண்டு டிரைவரின் கைப்பக்கம் குனிந்துவிட்டாள். கறார் அக்கா முதல் மிஷினின் சொட்டை நாக்கில் வைத்தாள். அப்படியே நின்றாள். இரண்டாவது. மூன்றாவது.

"சிஸ்டர், ஊசியை வை."

"ஏன்க்கா? பதினாலு காட்டுதே."

"காட்டட்டும். இது கண்ணீர் இல்ல. அடுத்த தெருவுல யாரோ அழுத தண்ணி."

"என்னது?"

"உப்பு பத்தலடி. ஒருத்தர் கையிலயும் ஊசி இறங்கக் கூடாது."

உப்பை அளக்கும் கையளவு மீட்டரை எடுத்துவரச் சொன்னாள். அதை மிஷின் சர்வீஸ்காரர் முந்தின நாள் சரிபார்க்க எடுத்துப் போயிருந்தார். அவருக்கு போன் போட்டாள். தூக்கக் கலக்கத்தில் பேசினார். "நேத்து தொட்டி மாத்தி ஓட்டிப் பாத்தோம்கா. பத்து மிஷினும் உப்பு கம்மின்னு ஒரே நேரத்துல கத்துச்சு. கரன்ட் ஏறி இறங்கினதுல மீட்டர் எல்லாம் கெட்டிருக்கும்னு எல்லாத்தையும் பதினாலுக்குக் கொண்டுவந்து வச்சிட்டேன். இப்ப ஒண்ணும் கத்தாது."

"ஏன்பா, பத்துப் பேரு ஒரே நேரத்துல ஒரே மாதிரி கத்தினா, என்னன்னு கேக்கணும்னு தோணலையா உனக்கு? பத்து வாயையும் பொத்திட்டு வந்திருக்கியே!" அந்தக் கத்தலுக்கு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது என்பார்கள். நின்றதோ இல்லையோ, லிஃப்டில் வந்த மேனேஜர் வேர்த்து வழிந்துதான் வெளியே வந்தார். கனத்த உடம்பு. அவருடைய சட்டை தைப்பது கறார் அக்காவின் கணவர்தான். ஆகவே அவர் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம்.

"என்னம்மா பிரச்சனை? ஆறரை ஆச்சு. அடுத்த ஷிஃப்ட் பத்தரைக்கு வரும்."

"உப்பு பத்தல சார். ஆரம்பிக்க முடியாது."

"திரையில பதினாலு இருக்கு."

"நாக்குல இல்ல."

"வெளிநாட்டு மிஷின் பத்து ஒரு பக்கம், உங்க நாக்கு ஒரு பக்கம். நான் எதை நம்பறது? டாக்டர் எட்டு மணிக்குத்தான் வருவார். அதுக்குள்ள ஆரம்பிச்சாகணும். இது என் உத்தரவு."

"உத்தரவை நீங்க போடலாம் சார். சிவப்பணு கேக்காது."

மேனேஜர் விடுவிடுவென்று கீழே போனார். கால் மணி நேரத்தில், முத்திரை குத்திய ஒரு தாளோடு திரும்பினார். தற்காலிகப் பணிநீக்கம். அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, "சிஸ்டர், நீங்க ஆரம்பிங்க" என்றார். சிஸ்டர் ஊசியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். இப்போதுதான் வேலையில் சேர்ந்தவள். டிரைவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

கறார் அக்கா தாளை மடிக்கவில்லை, கிழிக்கவுமில்லை. "நல்ல வேளை, கெட்டி எழுத்தாப் போட்டிருக்கீங்க" என்றாள். பையைத் திறந்து, எதற்கும் இருக்கட்டும் என்று அவித்து எடுத்துவந்திருந்த முட்டை இரண்டையும் நிதானமாக உரித்துத் தின்றாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கையைக் கழுவிவிட்டு மூன்று கண்ணாடிக் குழாய்களை எடுத்து வரிசையாக நிறுத்தினாள். ஒன்றில் பாட்டிலிலிருந்து உப்புநீர். இரண்டாவதில் சுத்திகரித்த வெறும் தண்ணீர். மூன்றாவதில் மிஷினிலிருந்து வந்த கரைசல். தன் விரலைக் குத்தி ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டுக் குலுக்கினாள்.

"சார், உங்க உத்தரவையே படிப்போம், வாங்க." முதல் குழாய்க்குப் பின்னால் தாளைப் பிடித்தாள். "எழுத்து தெரியுதா?"

"தெரியல. கலங்கலா இருக்கு."

"ஏன்னா எல்லாரும் உயிரோட இருக்காங்க. ரெண்டாவது?"

"ம். 'நிர்வாகத்தின் ஆணையை மீறியதால்'... தெரியுது."

"அது வெறும் தண்ணி. செல்லு பூரா வெடிச்சுப் போச்சு. இப்ப நம்ம மிஷின் தண்ணி. படிங்க."

மேனேஜர் குனிந்தார். படித்துவிட்டார். படித்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை. படுத்திருந்த டிரைவர் தலையைத் தூக்கி, "சத்தமாப் படிங்க சார், எங்க ரத்தத்தைப் பத்தின சேதிதானே" என்றார்.

"உங்க ரத்தத்துலயே ஏதாவது கோளாறு இருக்கும்" என்றார் மேனேஜர் அவளிடம்.

"இருக்கலாம், கொஞ்சம் சூடான ரத்தம்தான். உங்க விரலைக் கொடுங்க." அவர் யோசிப்பதற்குள் விரலைப் பிடித்துக் குத்திவிட்டாள். பெரிய உடம்பிலிருந்து பெரிய அலறல் வந்தது. அவருடைய ரத்தமும் உப்புநீரில் கலங்கி நின்றது. மிஷின் கரைசலில் அரை நிமிஷத்தில் தெளிந்தது. அதன்வழியே அவருடைய கையெழுத்தே பளிச்சென்று தெரிந்தது.

"நிர்வாகத்தோட செல்லுகூட வெடிக்குது சார்" என்றாள். "இந்தத் தண்ணி ஆள் பாக்கல."

மேனேஜர் நாற்காலி தேடி உட்கார்ந்தார்.

காரணம் பின்வராந்தாவில் கிடந்தது. தொட்டி நிரப்புகிறவர், பழைய தொட்டிக்கு ஒரு பை உப்பு என்ற கணக்கில் புதியதற்கும் ஒரு பையைக் கொட்டியிருக்கிறார். இரண்டும் ஒரே உயரம். பழையதில் எந்த உயரத்தில் கோடு இருந்ததோ அதே உயரத்தில் புதியதிலும் கோடு போட்டுத் தண்ணீர் விட்டிருக்கிறார். கறார் அக்கா கைப்பையிலிருந்து கணவரின் அளவு நாடாவை எடுத்துச் சுற்றளவைப் பார்த்தாள். பழையதற்கு எண்பது அங்குலம். புதியதற்கு நூற்று நாற்பது.

"ரெண்டு மடங்குகூட இல்லையே" என்றார் மேனேஜர், விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே.

"சுத்தளவு அப்படி. கொள்ளளவு மூணு மடங்கு. நம்பிக்கை இல்லன்னா இதுல இருக்கறதை அதுல ஊத்திப் பாக்கலாம். சார், உங்களுக்கும் டிரைவர் அண்ணனுக்கும் ஒரே உயரம்தான். அவர் சட்டைத் துணியில உங்களுக்குத் தைக்க முடியுமா? உயரத்தை மட்டும் அளந்து சட்டை தைக்கிற ஆளை எங்க வீட்டுக்காரர் கடைக்குள்ளகூட விடமாட்டார்."

எட்டு மணிக்கு டாக்டர் வந்தார். குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சர்வீஸ்காரருக்கு அவரே போன் செய்தார். தொட்டியைக் காலி செய்து, மூன்று பை போட்டுக் கரைத்து, மிஷின்களின் மீட்டரையெல்லாம் பழையபடி திருத்தி, கறார் அக்கா பத்திலும் நாக்கை வைத்துத் தலையாட்டியபோது பதினொரு மணி. அன்று எல்லாரும் பத்திரமாக வீடு போனார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அவள் கறார் அக்காவே இல்லை.

சாயங்காலம் மேனேஜர் இன்னொரு தாளை நீட்டினார். பணிநீக்கத்தை ரத்து செய்கிறோம், இதில் மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார். 'சிறு தொழில்நுட்பத் தாமதம் ஏற்பட்டது. நான் நிர்வாகத்திடம் முறையின்றி நடந்துகொண்டதற்கு வருந்துகிறேன். இனி திரவங்களை ருசி பார்க்க மாட்டேன்.'

"தொட்டியைப் பத்தி ஒண்ணுமே இல்லையே சார்?"

"அது எதுக்கும்மா வெளிய தெரியணும்? எல்லாம்தான் சரியாப் போச்சே."

"எழுதி வைக்கலன்னா அடுத்த தொட்டி வரும்போதும் ஒரு பைதான் போடுவாங்க. தொட்டி விஷயத்தை எழுதுங்க, மீட்டரை அமுக்கினதை எழுதுங்க, நான் போடறேன். உங்க விரலைக் குத்தினதுக்கு வேணும்னா தனியா வருத்தப்படறேன்."

"கையெழுத்து இல்லன்னா நாளையிலருந்து உள்ள வர முடியாது."

"சரி" என்றாள். போய்விட்டாள்.

வீட்டில் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கத்தரியைக் கீழே வைத்தார். "ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டு, உள்ள போய் உன் இஷ்டத்துக்கு நக்கிக்கயேன்."

"நக்கமாட்டேன்னு எழுதிக்கொடுத்துட்டு நக்கினா அது திருட்டு. இத்தனை வருஷமா அந்த அறிவிப்புக்கு நேர் கீழ நின்னு நக்கினேங்க. அது உரிமை."

கணவர் யோசித்தார். அவர் பேசிப் பேசித் தோற்ற பதினேழு வருட அனுபவஸ்தர். எழுந்துபோய் அடுப்பில் முட்டை வைத்தார். நான்கு வைத்தார்.

இரண்டு நாள் கழித்து அதே பத்துப் பேரின் முறை. காலை ஆறேகாலுக்கு சிஸ்டரிடமிருந்து போன். "அக்கா, ஒருத்தரும் கையை நீட்ட மாட்டேங்கறாங்க. நீங்க வந்து தண்ணியைப் பாத்தாத்தான் ஊசியாம். டிரைவர் அண்ணன் கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு உக்காந்திருக்கார். மேனேஜர் கெஞ்சிப் பாத்தாச்சு, கத்தியும் பாத்தாச்சு."

 ஒரு முறை தவறினால் அந்த உடம்புகளுக்குள் என்னென்ன தேங்கும் என்று கறார் அக்காவுக்குத் தெரியும். தன்னுடைய பிடிவாதத்துக்கு அவர்கள் ரத்தம் விலையாகக் கூடாது. "போனை அண்ணன்கிட்ட கொடு. அண்ணே, விளையாடாதீங்க. கையை நீட்டுங்க. தொட்டி சரியாத்தான் இருக்கும்."

"இருக்கும்னு சொல்றியா, இருக்குன்னு சொல்றியா?"

 பார்க்காமல் எப்படிச் சொல்வது?

"அதான். நீ வாயில வைக்காததை நாங்க ரத்தத்துல வைக்கமாட்டோம். வந்து சேரு."

கணவர் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். மருத்துவமனை வாசலில் காவலாளி குறுக்கே வந்தார். நல்ல மனுஷர். "உள்ள விட வேணாம்னு ஆர்டர்கா. என் வேலை போயிடும்" என்றார், தரையைப் பார்த்தபடி. காவல்காரியின் மகள் காவலாளியோடு சண்டை போடுவாளா? "உங்க வேலையை நீங்க பாருங்கண்ணே. நான் வெளிய நிக்கறேன். நின்னு பழக்கம்தான்" என்று கம்பிக்கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

லிஃப்ட் திறந்தது. டிரைவர் முதலில் வந்தார், பின்னாலேயே ஒன்பது பேர். ஒருவர் ஊன்றுகோலோடு, ஒருவர் சக்கர நாற்காலியில். துணைக்கு வந்த மனைவி, மகள், மருமகன் எல்லாம் படியிறங்கி வந்து சேர, மொத்தம் முப்பது பேர் இருக்கும். யாரும் கோஷம் போடவில்லை. கதவின் உள்பக்கம் வந்து நெருக்கமாக நின்றார்கள். டிரைவர் விசிலடித்தார். மலைப்பாதை லாரிக்கு அடித்த அதே விசில் என்று பிற்பாடு சொன்னார்.

காவலாளி, பின்னாலேயே இறங்கி ஓடிவந்த மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூட்டத்தைப் பார்த்தார். மணி ஆறு ஐம்பது. கதவு திறந்தது.

வெளியே வழிந்த கூட்டத்துக்கு எதிராக, தோளைக் கொடுத்துக் கறார் அக்கா உள்ளே போனாள். மேனேஜரைத் தாண்டும்போது நின்று, அவர் கையெழுத்துக் கேட்டு நீட்டிய தாளைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்து இல்லை. அச்சடித்த வரிகளுக்கு மேல் பெரிதாக ஒரு வட்டம் வரைந்து, ஓரத்தில் கதவு வைத்து, கீழே எழுதியிருந்தாள்: 'புதுத் தொட்டிக்கு மூன்று பை. மீட்டர் கத்தினால் வாயைப் பொத்தாமல் காரணம் கேட்க வேண்டும். ருசி பார்ப்பேன்.'

"இதைத் தண்ணி அறையில ஒட்டிடுங்க சார். உங்க அறிவிப்புக்குப் பக்கத்துலயே ஒட்டுங்க, துணையா இருக்கும்."

மேலே போனதும் மிஷின்களைத் திறந்துவிட்டாள். பத்துப் பேரும் மறுபடி ஏறிவந்து படுத்தார்கள். மூன்றாம் நம்பர் மிஷினிலிருந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். டிரைவர் கட்டியிருந்த கையைப் பின்னாலிருந்து எடுத்து, தழும்பேறிய முழங்கைப் பக்கத்தை மேலே திருப்பி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, உதட்டோரத்தை ஒருமுறை நக்கிக்கொண்டாள். ஒப்பிட்டுப் பார்க்க அன்றைக்கு வெங்காயம் தேவைப்படவில்லை.

"சரியா இருக்கு" என்றாள். "நீட்டுங்கண்ணே கையை. நேத்து எத்தனை டம்ளர்?"